டின் விசிலில் முதல் பாட்டு எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் வார இறுதிகளில் பிள்ளைகளுக்கும் சில பெரியவர்களுக்கும் டின் விசில் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பு முடிந்து கிளம்பும்போதும், கோயிலில் பார்க்கும்போதும், பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பிட உட்காரும்போதும் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். விசில் வாங்கியாச்சு, எந்தப் பாட்டில் தொடங்குவது? இந்த ஒரு கேள்வியிலிருந்து பத்துக் கேள்வி கிளைக்கும். கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே இங்கே போட்டிருக்கிறேன்.

டின் விசில்னா என்ன? புல்லாங்குழல் மாதிரியா, பள்ளியில ஊதுற ரெக்கார்டர் மாதிரியா?

ரெக்கார்டரைப் போல நேராகப் பிடித்து, வாயில் வைத்து ஊதுவது. மெல்லிய உலோகக் குழாய், மேலே பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் ஊதுவாய், முன்பக்கம் ஆறு துளை. பின்பக்கத் துளை கிடையாது. புல்லாங்குழலில் உதட்டை வைத்து நாதம் வரவழைக்கவே பலருக்கு வாரக்கணக்கில் ஆகும். இதில் ஊதிய உடனே சத்தம் வந்துவிடும். அதனால் முதல் நாளே பாட்டைப் பற்றி யோசிக்க முடிகிறது.

1843-ல் ராபர்ட் கிளார்க் என்பவர் இங்கிலாந்தில் தகரத் தகட்டைச் சுருட்டி இதைச் செய்து விற்கத் தொடங்கினார். பெயரில் உள்ள டின் அங்கிருந்து வந்ததுதான். இன்று அயர்லாந்து இசை என்றாலே இந்தக் குழல் நினைவுக்கு வருகிறது. ஆனால் 1950-களில் தென்னாப்பிரிக்கத் தெருக்களில் குவேலா இசையைக் கிளப்பியதும் இதே குழல்தான். ஆக, ஐரிஷ் பாட்டு மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

கடையில டி, சி, பி ஃபிளாட்னு நிறைய வச்சிருக்காங்க. எதை எடுக்கிறது?

டி விசில், அதாவது எல்லாத் துளையும் மூடினால் டி ஸ்வரம் வரும் குழல். பாடப் புத்தகங்கள், காணொளிகள், மற்றவர்களோடு சேர்ந்து வாசிப்பது எல்லாம் பெரும்பாலும் டி-யில்தான். துளைகளின் இடைவெளியும் ஏழெட்டு வயதுப் பிள்ளையின் விரலுக்கு எட்டும். லோ விசில் என்று நீளமான ஒன்று இருக்கிறது. அதன் சத்தம் அழகுதான், ஆனால் அதை முதல் குழலாக வாங்க வேண்டாம், விரல் எட்டாது.

ஜெனரேஷன், கிளார்க், ஃபீடோக் போன்ற சாதாரண விலைக் குழல்களே போதும். பொம்மைக் கடையில் தொங்கும் குழல் மட்டும் வேண்டாம். அதில் சுருதி சேராது, பிள்ளை எவ்வளவு சரியாக விரல் வைத்தாலும் பாட்டு பாட்டாகக் கேட்காது.

நோட்ஸ் படிக்கத் தெரியாது, ஸ்வரமும் தெரியாது. முடியுமா?

முடியும். இந்தப் பக்கம் முழுவதும் ஓர் எளிய கணக்கை வைத்துக்கொள்வோம்: மேலிருந்து எத்தனை துளை மூடியிருக்கிறதோ அதுவே ஸ்வரத்தின் எண். ஆறும் மூடினால் 6, அது டி. கடைசித் துளையைத் திறந்தால் 5, அது ஈ. அப்படியே 4 எஃப் ஷார்ப், 3 ஜி, 2 ஏ, 1 பி, எல்லாம் திறந்தால் 0, அது சி ஷார்ப். அதே விரலோடு கொஞ்சம் வேகமாக ஊதினால் மேல் ஸ்தாயி, அதாவது அதே ஸ்வரத்தின் உயர்ந்த வடிவம், வரும். அதை 6+, 5+ என்று எழுதுகிறேன். 6+ ஊதும்போது முதல் துளையை மட்டும் திறந்துவிட்டால் நாதம் இன்னும் தெளிவாக நிற்கும்.

ஸ்வரம் தெரிந்தவர்களுக்கு: 6-ஐ ஸ என்று வைத்து வரிசையாகத் திறந்துகொண்டே போனால் வருவது சங்கராபரணம்.

சரி, முதல் பாட்டுன்னு ஒரே ஒரு பேர் சொல்லுங்க.

'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டு. பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பாட்டு கிளாஸ் போனவர்களிடம் இதையே 'ச்யாமளே மீனாக்ஷி' என்று சொன்னால் உடனே குழலை எடுப்பார்கள். மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் அமைத்த நோட்டுஸ்வரங்களில் ஒன்றான அது இதே மெட்டில் அமைந்ததுதான். தொடக்கம் இப்படிப் போகும்: 6 6 2 2 1 1 2, அப்புறம் 3 3 4 4 5 5 6.

இதை நான் சொல்வதற்குக் காரணங்கள் உண்டு. மெட்டு ஏற்கெனவே உங்கள் காதில் இருக்கிறது, தப்பினால் காதே சொல்லிவிடும். மேல் ஸ்தாயி தேவையில்லை. ஸ-வுக்குக் கீழே போவதில்லை. பாதித் துளை மூடும் வேலையும் இல்லை. முதல் பாட்டை எடைபோட இந்த நாலும் போதும். பாட்டு எவ்வளவு பிரபலம், எவ்வளவு அழகு என்பதெல்லாம் அப்புறம்.

ஆறாவது துளையை மூடினா கீச்சுனு கத்துது. கீழ் டி வராத பாட்டா பார்த்து எடுக்கலாமா?

ஓரிரு வாரத்துக்கு அப்படிச் செய்யலாம், தப்பில்லை. 3 2 1 மூன்றை மட்டும் வைத்து 'மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்' மெட்டைத் தொடங்கலாம்: 1 2 3 2 1 1 1. முடிவு வரை இந்த மூன்றும் ஒரு 6+-ம் போதும்.

ஆனால் கத்தலுக்குக் காரணம் அநேகமாக ஆறாவது துளை இல்லை, மேலே ஏதோ ஒரு விரல் விலகியிருக்கும். வாசித்து முடித்த உடனே விரல்களைத் திருப்பிப் பாருங்கள். சதையில் துளையின் வட்டம் பதிந்திருக்கும். முழு வட்டமாக இருந்தால் அந்த விரல் சரி. பிறை மாதிரி பாதி வட்டம் தெரிந்தால் கசிவு அங்கேதான். இடது மோதிர விரலில்தான் இதை அதிகம் பார்க்கிறேன். விரல் நுனியால் குத்தி மூடாமல், நுனிக்கு அடுத்த சதையைப் படுக்கவைத்து மூடினால் சரியாகிவிடும். இன்னொன்று, 6 ஊத மெல்லிய மூச்சே போதும். பயத்தில் அழுத்தி ஊதினால் அது 6+ ஆகத் தாவிவிடும்.

பிறந்தநாள் பாட்டு எடுத்தேன். ஆரம்பத்திலேயே கீழே போக இடமில்ல. விசில் கோளாறா?

கோளாறு இல்லை, ஸ-வை வைத்த இடம்தான் காரணம். 'ஹேப்பி பர்த்டே' கீழ்ப் பஞ்சமத்தில், அதாவது ஸ-வுக்குக் கீழே உள்ள ப-வில், தொடங்கும் மெட்டு. 6-ஐ ஸ என்று வைத்துக்கொண்டால் அந்தப் பஞ்சமத்துக்குக் குழாயே இல்லை. ஸ-வை 3-க்கு, அதாவது ஜி-க்கு மாற்றுங்கள். இப்போது கீழ்ப் பஞ்சமம் 6-ல் வந்து உட்காரும்:

6 6 5 6 3 4, 6 6 5 6 2 3, 6 6 6+ 1 3 4 5, கடைசியாக சி சி 1 3 2 3.

எந்தப் பாட்டை எடுப்பதற்கும் முன்னால் ஒரு முறை மெதுவாகப் பாடிப் பார்த்து, அதன் மிகத் தாழ்ந்த இடம் எது என்று கண்டுபிடியுங்கள். ஸ-வுக்குக் கீழே போகவில்லை என்றால் ஸ = 6. கீழ்ப் பஞ்சமம் வரை போகிறது என்றால் ஸ = 3. அதற்கும் கீழே போனால் அந்தப் பாட்டை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பீத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனியில் வரும் 'ஓட் டு ஜாய்' மெட்டில் பல பேர் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முதல் இரண்டு வரி 6-ஐ ஸ-வாக வைத்தே சுகமாகப் போகும், மூன்றாம் வரிக் கடைசியில் ஒரே ஒரு கீழ்ப் பஞ்சமம் வந்து வழியை மறிக்கும். அதையும் ஸ-வை 3-ல் வைத்து வாசித்தால் முழுதாக வந்துவிடும்.

மேலே 'சி சி'ன்னு போட்டிருக்கீங்களே, அதுக்கு எண் இல்லையா?

அது சுத்த சி. வரிசையாகத் திறந்து மூடினால் கிடைக்காது. எல்லாம் திறந்தால் வருவது சி ஷார்ப். சுத்த சி-க்கு முதல் துளையைத் திறந்துவிட்டு, இரண்டையும் மூன்றையும் மட்டும் மூட வேண்டும். பார்க்கக் கஷ்டமாகத் தெரியும். ஆனால் 1-லிருந்து சி-க்குப் போய்ப் போய் வந்தால் சில நாளில் விரல் பழகிவிடும். 3-ஐ ஸ என்று வைக்கும்போது இதுதான் சுத்த மத்யமம்.

முதல் ஓரிரு பாட்டில் இது வராமல் பார்த்துக்கொண்டால் நல்லது. மூன்றாவது பாட்டில் கட்டாயம் வரட்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே போனவர்கள் ஆறு மாதம் கழித்தும் அந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். பிறந்தநாள் பாட்டில் கடைசி வரியில் மட்டும் இது வருகிறது. பழக அதைவிட நல்ல இடம் இல்லை, வீட்டில் வருஷத்துக்கு நாலு தடவையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

என் பையன் பள்ளியில ரெக்கார்டர் ஊதுவான். அதே பாட்டையே இதுல வாசிக்கலாமா?

தாராளமாக. பள்ளியில் ஊதும் சொப்ரானோ ரெக்கார்டரும் டி விசிலும் பல இடத்தில் ஒரே விரல், ஒரே சுருதி. பி, ஏ, ஜி, ஈ, கீழ் டி ஐந்துக்கும் முன்பக்க விரல்கள் அப்படியே இருக்கும், பின்னால் கட்டைவிரலுக்கு மட்டும் வேலை இல்லை. ரெக்கார்டர் புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களில் உள்ள பி-ஏ-ஜி பாட்டுகளை அவன் முதல் நாளே வாசித்துவிடுவான். அந்த மகிழ்ச்சி அவனை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டும்.

வேறுபடும் இடங்கள் மூன்று. விசிலில் நாலு மூடினால் வருவது எஃப் ஷார்ப், சாதா எஃப் இல்லை. சி-யும் மேல் டி-யும் வேறு விரல். மேல் ஸ்தாயிக்குக் கட்டைவிரலைக் கிள்ளித் திறக்கும் பழக்கம் இங்கே செல்லாது, மூச்சுதான். ஆகவே சாதா எஃப் வரும் பாட்டுகளை விட்டுவிட்டு மற்றதை எடுங்கள்.

நான் சின்ன வயசுல பாட்டு கிளாஸ் போனவ. சரளி வரிசையில ஆரம்பிக்கிறதுதானே முறை?

பாடுவதற்கு அது முறை. விசிலில் அதுவே முதல் தடை. சரளி வரிசையை நாம் மாயாமாளவகௌளை ராகத்தில் கற்கிறோம். அதில் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வரும். 6-ஐ ஸ-வாக வைத்தால் ரிஷபத்துக்கு ஆறாவது துளையைப் பாதி மூட வேண்டும், தைவதத்துக்கு இரண்டாவது துளையைப் பாதி மூட வேண்டும். குரலுக்கு இயல்பாக வரும் இந்த இரண்டும் புது விரலுக்கு மிகச் சிரமம். ஸ ரி க ம பாடும்போதே ரி தப்பும், பாட்டு தெரிந்த உங்களுக்குத்தான் அது அதிகமாக உறுத்தும்.

அதே வரிசைகளைச் சங்கராபரணத்தில் வாசியுங்கள். 6 5 4 3 2 1 0 6+ என்று துளைகள் தானாக வழிவிடும். உங்கள் குரு கேட்டால் முகம் சுருக்கலாம். குழலுக்கு எது இயல்போ அதில் விரலைப் பழக்கிவிட்டு, பாதித் துளைக்கு அப்புறம் வருவதே நல்லது என்பது என் எண்ணம்.

அப்போ கீதம்? 'ஸ்ரீ கணநாத' எல்லாருக்கும் தெரியுமே.

தெரியும், ஆனால் அது மலஹரி. மாயாமாளவகௌளையின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம் என்பதால் மேலே சொன்ன அதே இரண்டு பாதித் துளைகள் இதிலும் உண்டு. அதற்குப் பதில் 'வரவீணா மிருதுபாணி' எடுங்கள். மோகனம், ரூபக தாளம். 6-ஐ ஸ-வாக வைத்தால் தொடக்கம் இப்படி வரும்:

4 4 2 2, 1 2 6+ 6+, 5+ 6+ 1 1 2, 1 2 4 4 5.

எல்லாமே முழுத் துளைகள். 6+-ம் 5+-ம் வந்துபோவதால் மேல் ஸ்தாயிக்கு ஏறி இறங்கும் மூச்சும் பழகும். 1-லிருந்து 6+-க்குப் போகும்போது ஐந்து விரல்கள் ஒரே சமயத்தில் மாற வேண்டும். அந்த இடத்தை மட்டும் தனியாக எடுத்து, தாளம் போடாமல், மெதுவாகப் பலமுறை செய்யுங்கள். பாட்டு கிளாஸ் போனவர்களுக்கு என் முதல் சிபாரிசு எப்போதும் இந்தக் கீதம்தான்.

மோகனத்தையே ஏன் திரும்பத் திரும்பச் சொல்றீங்க?

ஐந்தே ஸ்வரம், விசிலில் ஐந்தும் முழுத் துளை, தொல்லை கொடுக்கும் சி இதில் இல்லவே இல்லை. 6-லிருந்து 6 5 4 2 1 6+. 3-லிருந்து 3 2 1 6+ 5+ 3+. இரண்டு இடத்திலும் சுலபம். ஒரே மெட்டை இரண்டு இடத்திலும் வாசித்துப் பார்ப்பது காதுக்கு மிக நல்ல பயிற்சி. உலகம் முழுக்க நாட்டுப்புற மெட்டுகளில் பல இந்த ஐந்துக்குள் அடங்கியவை. தேவாலயத்தில் பாடும் 'அமேசிங் கிரேஸ்' அப்படித்தான். 3-ஐ ஸ-வாக வைத்து 6 3 1 3 1 2 3 5 6 என்று தொடங்கிப் பாருங்கள். புத்தாண்டு இரவில் பாடும் 'ஆல்ட் லாங் ஸைன்' மெட்டும் அதே ஐந்து ஸ்வரம்தான். அவை ராகமாகாது, ஸ்வரக் கூட்டம் மட்டும் ஒன்று.

நமக்கு இது புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் கொன்றையந் தீங்குழல், ஆம்பலந் தீங்குழல், முல்லையந் தீங்குழல் என்று கண்ணன் ஊதும் குழல்களைப் பாடுகிறார்கள். முல்லைப் பண்ணை இன்றைய மோகனத்தோடு சேர்த்துப் பார்க்கும் இசை ஆய்வாளர்கள் உண்டு. ஆயர் குழலுக்கு வாகாக வந்த ஐந்து ஸ்வரம் இந்தத் தகரக் குழலுக்கும் வாகாக வருவது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷம் தருகிறது.

ஐரிஷ் பாட்டு கத்துக்கத்தான் வாங்கினேன். எதுல ஆரம்பிக்கலாம்?

'தி ரேக்ஸ் ஆஃப் மாலோ'. மாலோ என்பது அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் உள்ள ஊர். இந்த மெட்டுக்குத்தான் தீட்சிதர் 'வந்தே மீனாக்ஷி' என்று சமஸ்கிருத வரிகள் போட்டார். 1835-ல் மறைந்த அவர், ஆங்கிலேய பேண்டுகள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு ஏறத்தாழ நாற்பது நோட்டுஸ்வரங்கள் அமைத்திருக்கிறார், எல்லாம் சங்கராபரணத்தில். இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டுகூட 'ஸந்ததம் பாஹிமாம்' என்று அவரிடம் உண்டு. ஸ க ஸ க என்று துள்ளித் தொடங்கும் 'வந்தே மீனாக்ஷி' தெரிந்தவர், தெரியாமலே ஓர் ஐரிஷ் மெட்டைப் பல வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறார். காதில் இருப்பதை விரலுக்கு இறக்குவது மட்டும்தான் பாக்கி.

அடுத்து டர்லோ ஓ'கேரலன் (1670–1738) அமைத்த 'ஷீ வெக் ஷீ வோர்'. பார்வையிழந்த யாழ்க் கலைஞர் அவர். மூன்று அடி தாளம், டி-யில் அமைந்தது, நிதானமாக நடக்கும். 'இனிஷீர்' என்ற வால்ட்ஸும் நன்றாக இருக்கும். நடன மெட்டுகளில் போல்கா முதலில், ஜிக் அடுத்து, ரீல் கடைசியில். ஜிக் ஆறு அடியாக ஓடும், திஸ்ர நடை பழகியவர்களுக்கு உடனே பிடிபடும். 'தி கெஷ் ஜிக்' அங்கே நல்ல தொடக்கம். மெதுவான 'ஸ்லோ ஏர்' சுலபம் என்று நினைத்து எடுக்காதீர்கள். தாளக் கட்டு இல்லாமல் மூச்சாலேயே தாங்க வேண்டிய பாட்டு அது.

கட், ரோல் போன்ற அலங்காரங்களை இப்போது தொட வேண்டாம். டின் விசில் கலைஞர் மேரி பெர்கின் 1979-ல் வெளியிட்ட தொகுப்பைக் கேட்டுக்கொண்டே இருங்கள், விரலுக்கு முன்னால் காது தயாராகட்டும்.

'டைட்டானிக்' பாட்டு வாசிக்கணும். அதுக்குத்தான் வாங்கினதே!

இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. வாசிக்கலாம், முதல் பாட்டாக வேண்டாம். பல்லவியில் கீழ்ப் பஞ்சமத்தைத் தொட்டு அங்கிருந்து ஒரு முழு ஸ்தாயி மேலே தாவுகிறது. எனவே பிறந்தநாள் பாட்டுக்குச் சொன்ன மாதிரி ஸ = 3, கூடவே சுத்த சி-யும் வேண்டும். 6-லிருந்து 6+-க்குச் சுத்தமாகத் தாவ வந்துவிட்டால் எடுங்கள்.

ஒலிப்பதிவோடு சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டால் சுருதி சேராது. பதிவின் சுருதியை மாற்றித் தரும் செயலிகள் கைப்பேசியில் உண்டு, அதை ஜி-க்கு இறக்கியோ ஏற்றியோ வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் சினிமாப் பாட்டு?

பாட்டைப் பொறுத்தது. பல்லவி எளிமையாக இருக்கும், சரணத்தில் திடீரென்று வேறு ஸ்வரம் ஒன்று எட்டிப் பார்க்கும், பாதித் துளை வந்துவிடும். அதனால் பல்லவியை மட்டும் ஒரு பாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. பாடகரின் குழைவுகளை விட்டுவிட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு ஸ்வரம் என்று எலும்புக்கூட்டை மட்டும் வாசித்தாலே மெட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது விசிலுக்கு ஏற்ற பாட்டு. குழைவில்தான் உயிரே இருக்கிறது என்றால் ஒரு வருஷம் பொறுங்கள். தீபாவளிக்கு எல்லாரையும் வீட்டுக்கு அழைக்கும் ஓப்பன் ஹவுஸில் வாசிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கோயில்ல தேவாரம் வாசிக்கலாமா? எந்தப் பதிகம் வசதி?

பண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பழம்பஞ்சுரம் இன்று சங்கராபரணத்தில் பாடப்படுகிறது, விசிலுக்கு அதுவே முதல் வாசல். சுந்தரரின் 'மற்றுப் பற்றெனக் கின்றி' அந்தப் பண்தான், இங்கே தேவார வகுப்பு போன பல பிள்ளைகளுக்கு மனப்பாடம். நீங்கள் கற்ற மெட்டைப் பாடிப் பார்த்து, தாழ்ந்த இடம் எது என்ற சோதனையை வைத்து ஸ-வை முடிவு செய்யுங்கள். இந்தளம் போன்ற பண்களை மாயாமாளவகௌளையில் பாடுவதால் அவை பிறகு.

சொல் தெரிந்து வாசிப்பது இங்கே மிக முக்கியம். சீர் எங்கே முடிகிறதோ அங்கே மூச்சு எடுங்கள், சொல்லின் நடுவில் எடுத்தால் கேட்கிறவர்களுக்குப் பாட்டு உடைந்துபோகும்.

ஃப்ளாட்ல இருக்கோம். பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம் போடுறாங்க. மெதுவா ஊத முடியாதா?

கீழ் ஸ்தாயியை மெதுவாக ஊதலாம். மேல் ஸ்தாயியில் 2+, 1+ எல்லாம் சத்தமாகத்தான் வரும், மூச்சைக் குறைத்தால் ஸ்வரமே கீழே விழுந்துவிடும். எனவே இரவில் பழக 6-க்கும் 5+-க்கும் நடுவில் அடங்கும் பாட்டுகளை வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை எண் போட்டுச் சொன்ன மெட்டுகளின் தொடக்கம் எல்லாம் அந்த எல்லைக்குள்தான். ஊதுவாய்க்குக் கீழே உள்ள சதுரத் திறப்பின் ஓர் ஓரத்தில் சின்னத் துண்டு டேப் ஒட்டினால் சத்தம் கொஞ்சம் அடங்கும்.

ஏசி ரூம்ல வாசிச்சா பாதிப் பாட்டுல சத்தம் அடைச்சிக்குது.

குழல் குளிர்ந்திருக்கிறது, உங்கள் மூச்சின் ஈரம் ஊதுவாய்க்குள் நீராகப் படிகிறது. வாசிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் பொத்தியோ அக்குளில் வைத்தோ சூடாக்குங்கள். நடுவில் அடைத்தால் சதுரத் திறப்பை விரலால் மூடி ஒரே ஊதாகப் பலமாக ஊதினால் நீர் போய்விடும். நீண்ட பாட்டை விட்டுவிட்டுச் சின்னப் பாட்டுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

ஒரே நேரத்துல எத்தனை பாட்டு எடுக்கலாம்? ஒண்ணு தேறிடுச்சுன்னு எப்படித் தெரியும்?

இரண்டு அல்லது மூன்று. ஒன்று சுலபமானது, ஒன்று புதிதாக ஏதாவது கற்றுத் தருவது. காகிதத்தைப் பார்க்காமல், தடுமாறும் இடத்தில் வேகம் குறையாமல், நடுவில் எந்த வரியிலிருந்து கேட்டாலும் தொடங்க முடிந்தால் அந்தப் பாட்டு தேறிவிட்டது. எப்போதும் முதல் வரியிலிருந்தே தொடங்குகிறவர்களுக்குக் கடைசி வரி மெலிந்தே கிடக்கும். பின்னாலிருந்து வரி வரியாகக் கற்றுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நான் கர்நாடகப் புல்லாங்குழல் வாசிக்கிறேன். ஸ-வை ஆறுல வைக்க கை மறுக்குது.

மறுக்கத்தான் செய்யும். உங்கள் குழலில் முதல் இரண்டு துளை மூடினால் ஸ, கை அங்கே பழகியிருக்கிறது. விசிலிலும் ஸ-வை 2-லேயே, அதாவது ஏ-யில் வையுங்கள். முழுத் துளைகளில் உங்களுக்கு வருவது ஹரிகாம்போதி, புல்லாங்குழலில் வருவது போலவே. கீழே பஞ்சமம் 5-ல், மத்யமம் 6-ல் கிடைக்கும். ஹரிகாம்போதியில் தெரிந்த உருப்படி எதுவானாலும் முதல் பாட்டாக எடுக்கலாம்.

இதே கணக்கு மற்ற இடங்களுக்கும் உண்டு. சுத்த சி-யைத் தொடாமல் ஸ-வை 5-ல் வைத்தால் கரகரப்பிரியா, 4-ல் தோடியின் ஸ்வரங்கள், 3-ல் கல்யாணி, 1-ல் நடபைரவி. மோகனத்தின் அதே ஐந்து துளைகளை வைத்துக்கொண்டு ஸ-வை மட்டும் நகர்த்தினால் மத்யமாவதி, ஹிந்தோளம், சுத்த சாவேரி, சுத்த தன்யாசி நான்கும் வரும். தோடிக்குக் கமகம்தான் உயிர், அதை ஆரம்பத்தில் எடுக்க வேண்டாம். மத்யமாவதி எடுங்கள், 5 4 2 1 6+ 5+.

எங்க பஜனைக் குழுவில பாடுறவங்களோட சேர்ந்து வாசிக்கணும். சுருதி சேரவே மாட்டேங்குது.

முதலில் பாடுகிறவர் எத்தனை கட்டையில், அதாவது எந்தச் சுருதியில் பாடுகிறார் என்று கேளுங்கள், பாட்டைத் தேர்ந்தெடுப்பது அப்புறம். டி விசிலில் ஸ = 6 என்றால் 2 கட்டை, ஸ = 3 என்றால் 5 கட்டை. 5 கட்டையில் பாடும் பெண்களோடு டி விசில் நேராகச் சேரும். அப்போது பாட்டு கீழ்ப் பஞ்சமத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். 1 கட்டையில் பாடுகிறவருக்கு சி விசில் வாங்குங்கள், விரல் எல்லாம் அதே. அந்த சி விசிலில் ஸ = 3 வைத்தால் 4 கட்டை. 5½ கட்டைக்கு ஈ ஃபிளாட் விசிலில் ஸ = 3. ஒன்றரைக் கட்டைக்கு மட்டும் கடையில் சுலபமாகக் கிடைக்கும் குழல் இல்லை. பாடுகிறவரை ஒன்றுக்கோ இரண்டுக்கோ வரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

கட்டை சரியாக இருந்தும் கொஞ்சம் தூக்கலாகக் கேட்டால் ஊதுவாயை மெல்ல வெளியே இழுங்கள், சுருதி இறங்கும். ஒட்டி வந்த ஊதுவாய் என்றால் வெந்நீரில் சிறிது நேரம் வைத்தால் இளகும். சுருதிப் பெட்டியை முன்னால் ஓடவிட்டு, 3-ஐயும் 6-ஐயும் நீளமாக ஊதிச் சரிபார்த்துவிட்டு, குழுவினர் ஒரு வரி பாட, நீங்கள் அதையே திருப்பி வாசிக்கும் பாட்டாக முதலில் எடுங்கள்.